பங்களாக்கோழிக்கு இருபத்து நான்கு நாள்

அடைக்கோழி உட்கார்ந்திருக்கும் கூடைக்குள் கைவிட்டுக் கொத்து வாங்கியவர்கள் நம் வயதில் நிறையப் பேர் இருப்போம். முட்டையைத் தொடுவதற்கு முன்பே சுள்ளென்று ஒரு கொத்து விழும். கையை உதறிவிட்டு மறுபடியும் உள்ளே விடுவோம். இறகுக்கு அடியில் இருக்கும் அந்தச் சூடு இப்போது நினைத்தாலும் என் விரலுக்குத் தெரிகிறது. நான் சொல்லவந்தது அப்படி ஒரு கூடையைப் பற்றி. நாற்பது வருடத்துக்கு மேலாக யாரிடமும் சொல்லாதது, என் வீட்டுக்காரரிடம்கூட. போன மாதம் செம்பட்டிப் பக்கம் ஒரு பண்ணைக்குப் போய்வந்தேன். அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. சித்தையன்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நெல்லும் தென்னையும், ஒரு ஓரமாகக் கத்தரியும் போட்டிருந்தோம். பெரியப்பா, அப்பா, அவர்களுடைய ஒரே தங்கையான அத்தை எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். வீட்டில் பெரியப்பா சொன்னதுதான் சட்டம். அப்பா எதையாவது ஆரம்பிப்பார், பெரியப்பா முடித்துவைப்பார்.

அதற்கு முந்தைய சித்திரையில் அப்பா நூறு வெள்ளைக்கோழிக் குஞ்சு வாங்கிவந்திருந்தார். பிராய்லர் என்ற பேச்சு அப்போதுதான் எங்கள் பக்கம் எட்டிப்பார்த்தது. மாட்டுக்கொட்டகையை ஒட்டித் தகரம் வேய்ந்து, கம்பிவலை அடித்து, அதற்குள் குஞ்சுகளை விட்டார். தீனி வைப்பதும் தண்ணீர் மாற்றுவதும் அத்தை. நாலாவது வாரம் ஒரே மத்தியானத்தில் பாதி செத்தது, மறுநாள் மீதி செத்தது. வெள்ளை வெள்ளையாகச் சாக்கில் அள்ளினோம். அந்தத் தகரம் ஆளுயரம்கூட இருக்காது. உள்ளே குனிந்து போனால் வெக்கையில் எனக்கே மூச்சு முட்டும். இன்றைக்கு யோசித்தால் ஒரு குழந்தைக்கும் புரிகிற காரணம். ஆனால் யாரும் அண்ணாந்து தகரத்தைப் பார்க்கவில்லை. பெரியப்பா அத்தையின் கையைப் பார்த்தார். "அவ தீனி வச்ச கை" என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

ஒரு தடவை போதாதா? அதற்குப் பிறகு கத்தரி நாற்று வாடினாலும், பால் திரிந்தாலும், மாடு கன்றை ஊட்டவிடாமல் உதைத்தாலும், அத்தை தொட்டாளா என்று ஒரு கேள்வி வரும். அத்தைக்கு நீளமான விரல்கள். அவள் தலை பின்னிவிட்டால் எனக்குத் தூக்கம் வந்துவிடும். அந்தக் கையைத்தான் ராசியில்லாத கை என்றார்கள். நானும் ஒருமுறை, அவள் என் ஸ்லேட்டைத் தொட்டதால்தான் கணக்குத் தப்பாகிவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். அவள் சிரித்துக்கொண்டே ஸ்லேட்டைக் கீழே வைத்தாள்.

அப்பாவுக்கு இது பொறுக்கவில்லை. ஒட்டன்சத்திரம் பக்கம் அத்தைக்கு ஒரு மாப்பிள்ளை வீடு பேசிக்கொண்டிருந்தார்கள். நல்ல இடம். இந்தப் பேச்சு அவர்கள் காதுக்குப் போவதற்குள் ஏதாவது செய்துவிட வேண்டும் என்று தவித்தார். அந்தச் சமயத்தில்தான் கொடைக்கானலில் ஒரு பங்களாவில் சமையல் வேலை பார்த்த மாமா வந்தார். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், தலை நரைத்தவர். அந்தப் பங்களாவில் பெசன்ட் என்று ஒரு பறவை வளர்ப்பதாகச் சொன்னார். கோழி ஜாதிதான், ஆனால் சேவலுக்குக் கழுத்தில் பச்சை மினுங்கும், வெள்ளை வளையம் இருக்கும், வால் முழ நீளம் போகும். இறைச்சியைக் கேட்டு வாங்க ஆள் இருக்கிறது என்றார். வெள்ளைக்கோழியை ஊரெல்லாம் வளர்க்கப்போகிறான், இது யாரிடமும் இல்லை என்று அப்பா பிடித்துக்கொண்டார். எங்கள் வாயில் பெசன்ட் நுழையவில்லை. பங்களாக்கோழி என்று பெயர் வைத்துவிட்டோம்.

முட்டையை நாட்டுக்கோழியில் அடை வைக்க வேண்டும், அதை அத்தையின் கையால்தான் வைக்க வேண்டும் என்றார் அப்பா. பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பா அவர் முன்னால் குரலை உயர்த்தி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். "குஞ்சு பொரிச்சு வரட்டும்ண்ணே. அப்பறம் எவன் என் தங்கச்சி கையப் பத்திப் பேசுறான்னு பாப்போம்."

பங்குனியில் ஒரு நாள் முட்டை வாங்க அப்பாவோடு நானும் செம்பட்டிக்குப் போனேன். மாமா மலை பஸ்ஸிலிருந்து இறங்கினார். உமி நிரப்பிய கூடைக்குள் பதினோரு முட்டைகள். நம் கோழி முட்டையைவிடச் சிறியவை, ஊறிய புளியங்கொட்டையும் பாசியும் கலந்த மாதிரி ஒரு நிறம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலும் உள்ளே எதுவும் தெரியாது. அப்பா கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு, எங்கள் ஊர் பஸ்ஸில் முன் சீட்டுக் கேட்டுக் கண்டக்டரோடு மல்லுக்கு நின்றார். மாமாவின் பஸ் திண்டுக்கல்லுக்குப் புறப்பட உறுமிக்கொண்டிருந்தது. அவர் பைக்குள்ளிருந்து ஒரு இறகை எடுத்தார்.

"பாப்பா, இது அந்தச் சேவலோட வால் றெக்க. ஒங்க அத்தகிட்டக் குடு. இப்பிடித்தான் வரப்போகுதுன்னு பாத்துக்கிட்டு இருக்கட்டும். இன்னொண்ணு, நம்ம கோழி மாதிரி இருவத்தோரு நாள் கெடையாது இதுக்கு. இருவத்தி நாலு, இருவத்தஞ்சு ஆகும். மறக்காமச் சொல்லு, என்ன?"

தலையாட்டினேன். பஸ் போய்விட்டது.

அந்த இறகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். செம்பு நிறம், குறுக்கே வரிவரியாகக் கறுப்பு, ஓரத்தில் வெயில் பட்டால் ஊதாவாக ஒரு மினுக்கம். முழுசாக ஒரு முழம். அதை இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது. சட்டைக்குள் முதுகுப் பக்கமாகச் செருகிக்கொண்டேன். வீடு வரும்வரை பஸ்ஸில் விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். பிள்ளை இன்றைக்கு எவ்வளவு ஒழுங்காக உட்கார்ந்து வருகிறது என்று அப்பா சந்தோஷப்பட்டார்.

இறங்கும்போது கேட்டார். "மாமா வேற என்னமும் சொன்னாரா பாப்பா?"

"ஒண்ணும் சொல்லல."

நாள் கணக்கைச் சொன்னால் இறகும் சேர்ந்து வந்துவிடும் என்று தோன்றியது. இரண்டையும் ஒரே மூச்சில் அல்லவா என்னிடம் கொடுத்திருந்தார்? இறகை மாட்டுக்கொட்டகை ஓட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒளித்துவைத்தேன். நாள் கணக்கை எங்கே ஒளித்துவைத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ரெண்டு நாளில் மறந்தே போனேன்.

அன்று சாயங்காலம் அத்தை தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள். மாட்டுக்கொட்டகை மூலையில் ஒரு கூடை வைத்து மணல் பரப்பி, மேலே வைக்கோல் சுருட்டி வைத்தாள். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று ஒரு இரும்பு ஆணியும் அடுப்புக்கரியும் ஓரத்தில் சொருகினாள். பதினோரு முட்டையையும் ஒவ்வொன்றாக, சத்தம் வராமல் வைத்தாள். அம்மாவின் கறுப்புக்கோழி கூடையில் ஏறி, வயிற்றை அகட்டி உட்கார்ந்து, தாடையை உள்ளே இழுத்துக்கொண்டது. அத்தை அதன் முன்னால் குத்தவைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொட்டகைச் சுவரில் தினமும் ஒரு கரிக்கோடு போடுவாள். நாளுக்கு ஒரு தடவை கோழியை இறக்கி, தவிடு வைத்து, தண்ணீர் காட்டி, முட்டை ஆறுவதற்குள் மறுபடி ஏற்றிவிடுவாள். அந்த நாட்களில் அவள் வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டே இருந்தாள். எட்டாவது கோடோ ஒன்பதாவது கோடோ போட்ட அன்று, சூடாக ஒரு முட்டையை எடுத்து என் கன்னத்தில் வைத்தாள். "மொதக் குஞ்சு ஒனக்குத்தான்டி" என்றாள். அந்தக் குஞ்சுக்கு நான் பெயர்கூட யோசித்துவைத்தேன்.

இருபத்தோராவது கோடும் விழுந்தது. கூடையில் சத்தமில்லை.  மறுநாள் மத்தியானம் ஒட்டன்சத்திரத்துக்காரர்கள் பெண் பார்க்க வருவதாக இருந்தது.

இருபத்திரண்டாம் நாள் காலையில் பெரியப்பா கொட்டகைக்கு வந்தார். கோழி கொத்தக் கொத்த ஒரு முட்டையை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தார். எடுத்த எடுப்பில் கூமுட்டை என்றார். நாலு பேர் வருகிற நாளில் கூமுட்டை வீட்டுக்குள் இருக்கக் கூடாது, வெடித்தால் நாற்றம் ஊரைக் கூட்டும், கொண்டுபோய்க் குப்பைக்குழியில் போடு என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். இருபத்தோரு நாள் கணக்கு அவருக்கும் தெரியும், நம் எல்லோருக்கும் தெரிந்த கணக்குத்தானே.

அத்தை மட்டும் பேசினாள். "பெரியண்ணே, ஆட்டுனா கொளகொளங்கலியே. கனமா இருக்குண்ணே. இன்னும் ரெண்டு நாள் பாப்பமே."

"இன்னும் என்னத்தப் பாக்குறது? வச்ச கை அப்பிடி."

அப்போது எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. செம்பட்டியில் உறுமிய பஸ், மாமாவின் வாய், இருபத்தி நாலு. எல்லாமே அப்படியே வந்தது. நான் கொட்டகைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் தலைக்கு நேர் மேலே ஓட்டுக்கடியில் இறகு இருந்தது. வாயைத் திறந்தால் போதும். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று பெரியப்பா கேட்பார். ஒண்ணும் சொல்லல என்று சொன்னது பொய்யா என்று அப்பா கேட்பார். இறகு எங்கே என்று எல்லோரும் கேட்பார்கள். நான் திறக்கவில்லை.

அத்தை பதினோரு முட்டையையும் முந்தானையில் வாங்கிக்கொண்டு போனாள். கோழி அவள் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடியது. தென்னைக்கு அப்பால் குழியில் கொட்டி, மேலே சாம்பலையும் சருகையும் தள்ளிவிட்டு வந்து, கை கால் கழுவிக்கொண்டு பட்டுச்சேலை உடுத்தப் போனாள்.

அந்த மாப்பிள்ளையின் அம்மா நல்ல மனுஷி. அதையும் சொல்லிவிட வேண்டும். அத்தை காபித் தட்டோடு வந்தபோது சிரித்த முகமாகத்தான் பார்த்தாள். முதலில் பேசப்போனபோது அப்பாவே இந்தக் கோழிப் பெருமையை அவர்களிடம் சொல்லிவைத்திருந்தார் போலிருக்கிறது. அதை வைத்துப் பேச்சை ஆரம்பித்தாள். "ஏனுங்க, புதுசா ஏதோ கோழி அடை வெச்சிருக்கறதாச் சொன்னீங்களே, குஞ்சு எறங்கிருச்சுங்களா? பொண்ணுதான் வெச்சுதாமே."

அப்பா பதில் தேடுவதற்குள் பெரியப்பா சொல்லிவிட்டார். "அதெல்லாம் கூமுட்டையாப் போச்சுங்க."

அந்த அம்மாள் தட்டிலிருந்த அத்தையின் விரல்களை ஒரு தரம் பார்த்தாள். பிறகு பஜ்ஜி நன்றாக இருக்கிறது என்றாள். அன்று போனவர்களிடமிருந்து அப்புறம் சம்பந்தப் பேச்சே வரவில்லை.

அவர்கள் இருக்கும்போதே நான் அந்தக் கூட்டத்திலிருந்து நழுவிக் குழிக்குப் போனேன். கறுப்புக்கோழி சாம்பலைக் கிண்டிக்கொண்டிருந்தது. கிண்டியதில் ஒரு முட்டை வெளியே உருண்டு, கொட்டியபோது கீறலிட்ட அதன் ஓடு கழன்றிருந்தது. உள்ளே குஞ்சு இருந்தது. பழுப்பில் கோடு கோடாக, நனைந்து, தலையை இறக்கைக்கடியில் மடித்துக்கொண்டு. ஒரு காலை மெதுவாக நீட்டியது. திரும்ப மடக்கிக்கொண்டது.

நான் கோழியை விரட்டிவிட்டு, இரண்டு கையாலும் சாம்பலை அள்ளி அதன்மேல் போட்டேன். போட்டுவிட்டு வீட்டுக்குள் போய் ஒரு பஜ்ஜி தின்றேன். இதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை.

மூன்று மாதம் கழித்து இறகை எடுத்துப் பார்த்தேன். பூச்சி அரித்துத் தண்டு மட்டும் இருந்தது. அடுப்பில் போட்டேன். மயிர் பொசுங்குகிற நாற்றம் வந்தது. என்னடி தீயுது என்று அம்மா கேட்டாள், ஒண்ணுமில்லை என்றேன். சமையல் மாமா அதன் பிறகு எங்கள் ஊருக்கு வரவே இல்லை. பங்களாவை விற்றுவிட்டார்கள், அவர் மகனோடு போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம். இறகைக் கொடுத்தாயா, சொன்னதைச் சொன்னாயா என்று கேட்க ஆள் இல்லாமல் போனதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. அதையும் மறைக்க மாட்டேன்.

அத்தையை ரெண்டு வருடம் கழித்துத் திண்டுக்கல் நாகல் நகரில் மளிகைக் கடைக்காரர் ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள். மூத்த தாரத்துப் பிள்ளைகள் இரண்டு பேர். அவர் தங்கமான மனுஷர்தான், அத்தையும் குறையென்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் ஒரு செடி நட்டதில்லை. யார் வீட்டு விசேஷத்திலும் எதையும் முதலில் தொடமாட்டாள். என் மகள் பிறந்தபோது திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு ரொட்டியும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு வந்தாள். பிள்ளையை நீட்டினேன். அவளுடைய இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் போயின. "என் கை வேணாம்டி. நான் தள்ளி நின்னே பாத்துக்கிறேன்" என்றாள். பச்சை உடம்போடு படுத்துக் கிடந்த நான் அப்போதாவது சொல்லியிருக்கலாம். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பேச்சை மாற்றினேன்.

இனி போன மாதத்துக்கு வருகிறேன். செம்பட்டியில் ஒரு கல்யாணம். அத்தையும் நானும் சேர்ந்துதான் போனோம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த எங்கள் ஊர்ப் பையன் ஒருவன், அருகில்தான் தன் பண்ணை இருக்கிறது, பார்த்துவிட்டுப் போங்கள் என்று விடாமல் கூட்டிப்போனான். என்ன பண்ணை என்று கேட்டேன். பெசன்ட் என்றான். நான் அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். அத்தைக்கு அந்தப் பெயர் ஞாபகம் இல்லை. வந்தாள்.

எட்டு வருடம் கம்பெனிக்குப் பிராய்லர் வளர்த்தானாம். குஞ்சும் அவர்களுடையது, தீனியும் அவர்களுடையது, நாற்பது நாளில் வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும், கொட்டகை மட்டும்தான் நம்முடையது என்றான். நாட்டுக்கோழிக்குத் தெருவுக்குத் தெரு ஆள் வந்துவிட்டார்கள். அதனால் இதற்கு மாறியிருக்கிறான். அனுமதிக் காகிதங்களைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தான். உயரமான கூண்டு, மேலே மெத்தென்ற நைலான் வலை. பயந்தால் செங்குத்தாக எழும்பும், கம்பிவலை என்றால் மண்டை உடைந்துவிடும் என்றான். உள்ளே சோளத்தட்டைகளை நட்டு மறைவு கட்டியிருந்தான். கோழி மாதிரி வேகமாக எடை போடாது, நாலைந்து மாதம் பொறுக்க வேண்டும், பொறுத்தால் நோய் குறைவு, கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்றான். சோளத்தட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு சேவல் நடந்து வந்தது. கழுத்தில் வெள்ளை வளையம், பின்னால் அந்த வால். நான் நேரில் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை.

பிறகு குஞ்சு பொரிக்கும் மெஷினைக் காட்டினான். யாரும் கேட்காமலே சொன்னான். "இது நம்ம கோழி மாதிரி இல்ல பெரியம்மா. இருவத்தி நாலு நாள் ஆகும். இருவத்தோரு நாள்ல அவசரப்பட்டு மூடியத் தொறந்தா அம்புட்டும் போச்சு."

அத்தை கண்ணாடிக்குள் தெரிந்த முட்டைகளின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது.

கூண்டோரம் கிடந்த ஒரு வால் இறகை எடுத்துக்கொண்டு, தண்ணீர்த் தொட்டி மேட்டில் அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பஸ், மாமா, இறகு, குழி, நீட்டி மடக்கிய கால். உங்கள் கைமேல் ஒரு தப்பும் இல்லை அத்தை என்றேன். இத்தனை வருடம் மனசுக்குள் ஒத்திகை பார்த்த வார்த்தை அது. அதைக் கேட்டால் அவள் அழுவாள், அல்லது என்னை ஏசுவாள் என்று நினைத்திருந்தேன்.

"அப்ப உசுரு இருந்துச்சா?" என்றாள்.

"இருந்துச்சு அத்தை."

"பதினொண்ணுக்குமா?"

"நான் ஒண்ணத்தான் பாத்தேன்."

"கூமுட்டையத்தான் போட்டேன்னுல்லடி இருந்தேன் இம்புட்டு நாளும்."

அது எனக்குத் தோன்றவே இல்லை என்றால் நம்புவீர்களா? அவளை விடுவிக்கிறேன் என்று போனேன். குழியில் கொட்டியது அவள் கை என்பதை நான் யோசிக்கவே இல்லை. இறகை நீட்டினேன். அவளுடைய இரண்டு கையும் பின்னால் போயின.

திண்டுக்கல் வரும்வரை பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். நான் இறகை மடியில் வைத்திருந்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து நாகல் நகருக்கு ஆட்டோ பிடித்தோம். வீட்டு வாசலில் இறங்கினாள். கேட்டைத் திறந்து உள்ளே ஒரு கால் வைத்தவள், திரும்பி என்னிடம் வந்தாள்.

"மொதக் குஞ்சு ஒனக்குன்னு சொல்லியிருந்தேன்ல" என்றாள். "அப்ப நீ பாத்தது ஒன் குஞ்சுதான்டி."

 ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அத்தை கையை நீட்டி இறகை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.